சி ஹெட்டரிலிருந்து ரஸ்ட் பைண்டிங் வரை: ஸெட்லிப்பை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பைதானில் நாலே வரி எழுதி, சி நூலகங்களைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக, டேட்டாவைச் சுருக்கும் ஸெட்லிப் நூலகத்தின் சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு எண் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே கொடுப்பது 123456789 என்ற ஒன்பது எழுத்துச் சரம். அதற்கு வரவேண்டிய விடை 3421780262. சிஆர்சி எழுதுகிறவர்கள் எல்லோரும் சரிபார்க்க வைத்திருக்கும் எண் இது. உங்களுக்கு வருவதோ -873187034. எரர் கிடையாது, வார்னிங் கிடையாது, ப்ரோக்ராம் சமத்தாக ஓடி முடிகிறது, விடை மட்டும் தப்பு.

பிட்டுக்குப் பிட் இரண்டும் ஒரே எண்தான். அந்த ஃபங்ஷன் அன்சைன்ட் லாங் திருப்பித் தருகிறது என்று நாம் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண இன்ட் என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் நடந்தது. பைண்டிங், அதாவது ஒரு மொழியின் நூலகத்தை இன்னொரு மொழியிலிருந்து கூப்பிட உதவும் இணைப்புக் கோடு, எழுதும்போது வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஜாதி: யாரோ ஒருவர் ஒரு தகவலைச் சொல்லாமல் விட்டார், இன்னொருவர் ஊகித்துக்கொண்டார்.

ஏன் ஊகிக்க வேண்டும், நூலகத்தையே கேட்கலாமே என்று தோன்றும். கேட்க முடியாது. கம்பைல் ஆன சி நூலகத்தில் ஃபங்ஷன்களின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. லினக்ஸில் என்எம் கமாண்டை ஓட்டினால் பெயரும் முகவரியும் வரும், எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன டைப், எதைத் திருப்பித் தரும் என்ற எதுவும் வராது. அந்த விவரமெல்லாம் ஹெட்டர் கோப்பில், சி கம்பைலர் படிப்பதற்காக எழுதிவைத்த வெறும் டெக்ஸ்டாகக் கிடக்கிறது. நாம் வேறு மொழியிலிருந்து வருகிறோம் என்றால் அந்த டெக்ஸ்டை நம் மொழியில் மறுபடி எழுத வேண்டும். தப்பாக எழுதினால், கம்பைல் ஆன துண்டுகளை ஒட்டும் லிங்கர் கண்டுபிடிக்காது, அதற்குப் பெயர் பொருந்தினால் போதும்.

இந்த வழிகாட்டியில் ஸெட்லிப்பை ரஸ்டுக்குக் கொண்டுவருகிறோம், கருவி பைண்ட்ஜென், சி ஹெட்டரைப் படித்து ரஸ்ட் கோடு எழுதித் தருவது. ஸெட்லிப் 1995-இல் வந்தது, ழான்-லூ கய்யியும் மார்க் ஆட்லரும் எழுதியது, பிஎன்ஜி படத்திலிருந்து கிட் வரை எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது. சின்ன நூலகம், ஆனால் பைண்டிங்கில் வரக்கூடிய பொறிகளில் முக்கால்வாசி இதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிஜ வேலைக்கு ஸெட்லிப் வேண்டுமென்றால் லிப்ஸெட்-சிஸ் என்ற க்ரேட் (ரஸ்டில் பேக்கேஜுக்குப் பெயர்) ஏற்கனவே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இது கை பழகுவதற்கு. ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் ஹெட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

முதலில் ஹெட்டரைப் படியுங்கள், கருவியைத் தொடாதீர்கள்

ஸெட்லிப்பின் முக்கிய ஹெட்டர் ஏறத்தாழ 1900 வரி. அதில் பெரும்பகுதி கமென்ட். கருவி அந்தக் கமென்ட்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மீதியைத்தான் மொழிபெயர்க்கும், அதிகம் போனால் கமென்டை அப்படியே டாக் கமென்டாக ஒட்டிவைக்கும். ஆனால் ஒப்பந்தத்தின் பாதி அங்கேதான் எழுதியிருக்கிறது. நீங்கள் பைண்டிங் எழுதப்போகும் ஒவ்வொரு பாயிண்டருக்கும் நாலு கேள்வி கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்: இந்த மெமரியை யார் ஒதுக்குகிறார், யார் விடுவிக்கிறார், எதுவரை உயிரோடு இருக்க வேண்டும், நல் ஆக, அதாவது எதையும் காட்டாத காலிப் பாயிண்டராக, இருக்கலாமா. விடைகளை ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். நிஜமாகவே பேப்பரில். நான் மனசுக்குள் வைத்துக்கொண்டு எழுதிய பைண்டிங் எல்லாமே ஒருநாள் என் காலை வாரியிருக்கிறது.

மூன்றாவது கேள்விக்குத்தான் விடை எப்போதும் ஒளிந்திருக்கும். இன்ஃப்ளேட்கெட்ஹெட்டர் என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரீம் பாயிண்டரும் ஒரு ஹெட்டர் ஸ்ட்ரக்டுக்கான பாயிண்டரும் வாங்கிக்கொண்டு ஒரு இன்ட் திருப்பித் தருகிறது. டைப்பை மட்டும் பார்த்தால், கூப்பிட்டு முடிந்ததும் அந்த ஸ்ட்ரக்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது செய்வதோ, அந்தப் பாயிண்டரை உள்ளே குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் இன்ஃப்ளேட் (விரிப்பது; சுருக்குவது டிஃப்ளேட்) ஓடும்போதெல்லாம் அதில் எழுதுவது. நீங்கள் இதற்குள் அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருந்தால் யாருடைய மெமரியிலோ எழுதும். கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் பாயிண்டரை வாங்கும் ஃபங்ஷனுக்கும், வாங்கி வைத்துக்கொள்ளும் ஃபங்ஷனுக்கும் சி-யில் டைப் வித்தியாசமே கிடையாது.

கூடவே மூன்று விஷயங்களுக்கு ஒரு பட்டியல் எடுத்துவையுங்கள்: மேக்ரோவாக இருக்கும் "ஃபங்ஷன்கள்", உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் பெயர் மட்டும் சொல்லியிருக்கும் ஸ்ட்ரக்டுகள், பிரின்ட்எஃப் மாதிரி எத்தனை ஆர்க்யுமென்டும் வாங்கும் ஃபங்ஷன்கள். ஸெட்லிப்பில் முதலாவதுக்கு டிஃப்ளேட்இனிட், இரண்டாவதுக்கு இன்டர்னல்_ஸ்டேட், மூன்றாவதுக்கு ஜிஸெட்பிரின்ட்எஃப். ஜிஸெட்பிரின்ட்எஃப்பை நான் எப்போதும் விட்டுவிடுவேன், ரஸ்டில் ஃபார்மட் செய்து ஜிஸெட்ரைட்டுக்குக் கொடுத்தால் முடிந்தது வேலை.

பில்ட் அமைப்பு

இரண்டு பொருள் வேண்டும். ஒன்று ஸெட்லிப்பின் டெவலப்மென்ட் பேக்கேஜ், அதாவது ஹெட்டர் உள்ள பேக்கேஜ். நூலகம் மட்டும் இருந்து ஹெட்டர் இல்லாமல் இருப்பது லினக்ஸில் சகஜம். இன்னொன்று லிப்கிளாங். பைண்ட்ஜென் சி-யைத் தானே படிப்பதில்லை, கிளாங் கம்பைலரை நூலகமாகக் கூப்பிட்டு அதன் வாயிலாகப் படிக்கிறது. அதனால்தான் நம்பலாம். வெறும் டெக்ஸ்ட் தேடலை வைத்து ஹெட்டரைப் படிக்கும் ஸ்க்ரிப்ட்கள் ஒரு ஐஃப்டெஃப் வந்ததும் குப்புற விழுந்துவிடும். முதல் பில்டிலேயே லிப்கிளாங்கைக் காணோம் என்று எரர் வந்தால் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் வரும். டிஸ்ட்ரோவின் லிப்கிளாங் டெவ் பேக்கேஜைப் போட்டால் சரியாகிவிடும்.

க்ரேட்டுக்குள் ராப்பர் என்ற பெயரில் உங்கள் சொந்த ஹெட்டர் ஒன்று வையுங்கள். அதில் ஒரே வரி, ஸெட்லிப் ஹெட்டரை இன்க்லூட் செய்வது. நேராக சிஸ்டம் ஹெட்டரையே கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம், ஆனால் பின்னால் நீங்களே எழுதும், நடுவில் நின்று கூப்பிட்டுத் தரும் சின்ன ஷிம் ஃபங்ஷன்களைச் சேர்க்க இந்த இடம் தேவைப்படும். பில்ட் ஸ்க்ரிப்டில் பைண்ட்ஜென் பில்டரைத் தொடங்கி, ராப்பர் ஹெட்டரைக் கொடுத்து, ஜெனரேட் சொல்லி, விளைவை ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோ தரும் அவுட் டைரக்டரியில் எழுதவேண்டும். மெயின் கோடில் இன்க்லூட் மேக்ரோவால் அதை இழுத்துக்கொள்ளலாம். ராப்பர் மாறினால் மறுபடி ஓட்டு என்று கார்கோவிடம் சொல்ல மறக்காதீர்கள். ஸெட்லிப்போடு லிங்க் செய்யச் சொல்லும் வரியையும் இதே ஸ்க்ரிப்டில் அச்சடிக்க வேண்டும், நூலகத்தின் பெயர் வெறும் ஸெட் என்ற ஒற்றை எழுத்து.

அடுத்தது அலவ்லிஸ்ட், எவையெவை வேண்டும் என்று சொல்லும் பட்டியல். இது இல்லாமல் ஓட்டினால் ஸெட்லிப் ஹெட்டர் இழுத்துவரும் சிஸ்டம் ஹெட்டர்களில் உள்ள அத்தனையும் உங்கள் கோப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ரீட், ரைட், ஃபோர்க் எல்லாம் சேர்த்து. டிஃப்ளேட், இன்ஃப்ளேட், சிஆர்சி, கம்ப்ரஸ் என்று தொடங்கும் ஃபங்ஷன்களையும், ஸெட்_ என்றும் ஸெட்லிப்_ என்றும் தொடங்கும் கான்ஸ்டன்ட்களையும் மட்டும் கேளுங்கள். ஒரு ஃபங்ஷனை அனுமதித்தால் அது பயன்படுத்தும் டைப்கள் தாமாகவே கூட வந்துவிடும், தனியாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு சின்னத் தந்திரம். ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்டில் நெக்ஸ்ட்_இன் என்ற பாயிண்டர் இருக்கிறது, உள்ளே வரும் டேட்டா அது, ஸெட்லிப் அதை மாற்றுவதே கிடையாது. ஆனாலும் உருவாகும் கோடில் அது மாற்றக்கூடிய பாயிண்டராக வரும். பழைய கோடு உடையக்கூடாது என்பதற்காக, ஸெட்லிப்_கான்ஸ்ட் என்ற மேக்ரோவை நாம் டிஃபைன் செய்தால்தான் அங்கே கான்ஸ்ட் போடுகிறார்கள். பில்டரில் கிளாங் ஆர்க்யுமென்டாக அந்த டிஃபைனைக் கொடுத்துவிடுங்கள். ஹெட்டர் என்பது ஒரே கோப்பு இல்லை, எந்தெந்த டிஃபைன்களோடு படிக்கிறோமோ அதற்கேற்ப உருவம் மாறும் என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

வெளிவந்த கோடைக் கண்ணால் பாருங்கள்

பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். நான் ஒரு முறையாவது மேலிருந்து கீழாகப் படிக்கச் சொல்வேன்.

அன்சைன்ட் லாங் வந்த இடமெல்லாம் சி_யூலாங் (அந்த மெஷினின் சி லாங் அளவையே எடுத்துக்கொள்ளும் ரஸ்ட் டைப்) என்று இருக்கிறதா? இருக்க வேண்டும். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். கையால் எழுதுகிறவர்கள் "என் மெஷினில் 8 தானே" என்று யு64 போட்டுவிடுவார்கள். அதேபோல சார் என்பது இன்டெல் மெஷினில் சைன்ட், ஆர்ம் லினக்ஸில் அன்சைன்ட், அதனால் அதையும் சி_சார் என்றே விடவேண்டும்.

கால்பேக் பாயிண்டர்கள், அதாவது ஸெட்அலாக், ஸெட்ஃப்ரீ இரண்டும், ஆப்ஷன் என்ற ரஸ்ட் டைப்புக்குள் (மதிப்பு இருக்கலாம், அல்லது நன், அதாவது எதுவும் இல்லை) வந்திருக்கும். இது அலங்காரத்துக்கு இல்லை. ரஸ்டில் ஃபங்ஷன் பாயிண்டர் நல் ஆக இருக்கவே கூடாது, ஆனால் ஸெட்லிப்பில் அந்த இரண்டையும் நல் ஆக விட்டால்தான் அது தன் சொந்த அலாக்கேட்டரை வைத்துக்கொள்ளும். ஆப்ஷனுக்குள் வைத்த ஃபங்ஷன் பாயிண்டர் சி பாயிண்டருக்குச் சமமான அளவு, நன் என்பது நல் என்று ரஸ்ட் உத்தரவாதம் தருகிறது. கையால் எழுதியவர்கள் ஆப்ஷனை விட்டுவிட்டு, முழு ஸ்ட்ரக்டையும் ஸீரோவால் நிரப்பினால் அந்த நொடியே அன்டிஃபைன்ட் பிஹேவியர், அதாவது என்ன நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தராத நிலை.

அப்புறம் சிரிப்பு வரவழைக்கும் ஒன்று. ஸெட்_ஓகே என்பது 0, அது யு32 ஆக வரும். ஸெட்_டேட்டா_எரர் என்பது -3, அது ஐ32 ஆக வரும். இரண்டும் ஒரே ஃபங்ஷன் திருப்பித் தருகிற எண்கள்! மேக்ரோவுக்கு சி-யில் டைப் கிடையாது, வெறும் டெக்ஸ்ட் மாற்றுதான், அதனால் பைண்ட்ஜென் எண்ணைப் பார்த்து ஊகிக்கிறது: மைனஸ் இல்லையென்றால் யு32. மேக்ரோ கான்ஸ்டன்ட்களுக்கு இயல்பான டைப் சைன்ட் என்று பில்டரில் ஒரு ஆப்ஷன் உண்டு, அதைப் போட்டுவிட்டால் எல்லா இடத்திலும் காஸ்ட் எழுதும் வேதனை மிச்சம்.

ஈனம், அதாவது எனுமரேஷன் என்ற பெயர் வைத்த எண்களின் பட்டியல், உள்ள நூலகமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சி ஈனத்தை ரஸ்ட் ஈனமாக மாற்றும் ஆப்ஷன் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நூலகத்தின் அடுத்த பதிப்பு புதிதாக ஒரு மதிப்பைத் திருப்பித் தந்தால் அதுவும் அன்டிஃபைன்ட் பிஹேவியர்தான். வெளியிலிருந்து வரும் மதிப்புகளுக்கு வெறும் எண்ணாகவே வைத்து, மேலே உள்ள அடுக்கில் மேட்ச் செய்துகொள்ளுங்கள்.

112, 88, 56

இது என் சொந்தக் கதை. பைண்ட்ஜென் தெரியாத காலத்தில் ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்டை நானே தட்டச்சு செய்தேன், லாங் வந்த இடமெல்லாம் யு64. என் லினக்ஸ் லேப்டாப்பில் மாதக்கணக்கில் ஓடியது. நண்பர் ஒருவர் விண்டோஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தொடங்கும்போதே -6 வருகிறது என்றார். ஸெட்_வெர்ஷன்_எரர். வெர்ஷன் சரியாகத்தானே இருக்கிறது என்று நான் ஒரு சனிக்கிழமை முழுக்க டிஎல்எல் பதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிரச்சினை வெர்ஷனில் இல்லை, அளவில். அந்த ஸ்ட்ரக்டில் 14 ஃபீல்டு. 64 பிட் லினக்ஸில் பாயிண்டர் 8, லாங் 8, இன்ட் 4. இன்டுக்கு அடுத்து 8 பைட் சமாசாரம் வந்தால் நடுவில் 4 பைட் காலி விட்டு நிரப்புவார்கள். கூட்டினால் 112 பைட். 64 பிட் விண்டோஸில் லாங் 4 ஆகிவிடுவதால் அவைல்_இன்னும் டோட்டல்_இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொள்கின்றன, நடுவில் காலி இடம் வேண்டியதில்லை, கடைசியில் மட்டும் 4 பைட் நிரப்பு, மொத்தம் 88. 32 பிட் மெஷினில் எல்லாமே 4, ஆக 14 தடவை 4, 56. நான் எழுதிய ஸ்ட்ரக்ட் எங்கே போனாலும் 112 என்று சொல்லிக்கொண்டிருந்தது, விண்டோஸ் டிஎல்எல் 88-ஐ எதிர்பார்த்தது.

இதில் எனக்கு அதிர்ஷ்டம்தான். ஸெட்லிப் தொடங்கும்போது அளவைக் கேட்டுச் சரிபார்க்கிறது. பெரும்பாலான நூலகங்கள் கேட்பதில்லை. ஸெட்லிப்பிலேயே கம்ப்ரஸ் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், விளைவின் அளவை ஒரு லாங் பாயிண்டர் வழியாக வாங்கி அதிலேயே திருப்பி எழுதுகிறது. லினக்ஸில் அங்கே 4 பைட் மாறியின் முகவரியைக் கொடுத்துவிட்டால் அது 8 பைட் படிக்கும், 8 பைட் எழுதும், பக்கத்தில் இருப்பது போச்சு. எந்த எரரும் வராது, வேறெங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் பத்து நிமிஷம் கழித்து க்ராஷ் ஆகும்.

ஆகவே அளவைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். பைண்ட்ஜென் ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் அளவு, அலைன்மென்ட், ஒவ்வொரு ஃபீல்டும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற சோதனைகளையும் சேர்த்தே எழுதும். புதிய பதிப்புகளில் அவை கம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கப்படும். கோடு நீளமாகத் தெரிகிறதே என்று அதை அணைக்கிறவர்கள் உண்டு, வேண்டாம். கையால் எழுதுகிறீர்கள் என்றால் ஒரு குட்டி சி ப்ரோக்ராமில் சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் இரண்டையும் அச்சடித்து, ரஸ்ட் பக்கத்தில் வரும் எண்களோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் உருவாக்கிய கோப்பை அப்படியே விண்டோஸுக்குக் கொண்டுபோனால் டைப்கள் சரியாகவே இருக்கும், சோதனைதான் 112-க்கும் 88-க்கும் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு டார்கெட்டுக்கும் தனியாக உருவாக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. க்ராஸ் கம்பைல் செய்யும்போது கிளாங்குக்கும் அதே டார்கெட்டைச் சொல்லியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி விட்டுச்சென்றது

உருவான கோப்பில் டிஃப்ளேட்இனிட்டைத் தேடினால் கிடைக்காது. இருப்பது டிஃப்ளேட்இனிட்_, கடைசியில் ஒரு அடிக்கோடு, ஆர்க்யுமென்டும் இரண்டுக்குப் பதில் நாலு. ஆவணங்களில் சொல்லும் டிஃப்ளேட்இனிட் ஒரு மேக்ரோ. அது ஸ்ட்ரீமையும் லெவலையும் வாங்கிக்கொண்டு, கூடவே ஸெட்லிப்_வெர்ஷன் சரத்தையும் ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப்பையும் சேர்த்து உண்மையான ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள்? மேக்ரோ என்பதால் அந்த இரண்டு மதிப்பும் உங்கள் கோடு கம்பைல் ஆகும்போது, நீங்கள் பார்த்த ஹெட்டரிலிருந்து பதிவாகின்றன. ஓடும்போது நூலகம் அதைத் தன்னோடு ஒப்பிட்டு, ஹெட்டர் ஒன்று நூலகம் ஒன்று என்றிருந்தால் -6 சொல்லிவிடுகிறது. என்னைக் காப்பாற்றிய சோதனை இதுதான். வெர்ஷன் சரத்தில் முதல் எழுத்தை மட்டுமே பார்க்கிறது, 1.2-க்கு எழுதியது 1.3-இல் தடையில்லாமல் ஓடும்.

இதைத் தெரிந்துகொண்டால் ரஸ்டில் எப்படி எழுதவேண்டும் என்பது தானாக வந்துவிடும்: பைண்ட்ஜென் தந்த ஸெட்லிப்_வெர்ஷன் கான்ஸ்டன்டையும் ரஸ்ட் ஸ்ட்ரக்டின் சைஸையும் கொடுத்து டிஃப்ளேட்இனிட்_ ஐக் கூப்பிடும் ஒரு சின்ன ஃபங்ஷன். அந்தக் கான்ஸ்டன்ட் கடைசியில் ஸீரோ பைட்டோடுதான் வருகிறது, தனியாக சேர்க்க வேண்டியதில்லை. சிலர் ஸெட்லிப்வெர்ஷன் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது தரும் சரத்தையே திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். விடைத்தாளைத் திருத்துகிறவரிடமே விடையைக் கேட்டு எழுதுவது மாதிரி, எப்போதும் பாஸ்.

சிக்கலான மேக்ரோக்களுக்கும் ஹெட்டருக்குள்ளேயே உடல் எழுதிய ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷன்களுக்கும் இரண்டு வழி. ரஸ்டில் மறுபடி எழுதலாம், அல்லது ஒரு ஷிம் சி கோப்பு வைத்து, மேக்ரோவைக் கூப்பிடும் நிஜ ஃபங்ஷனாக அதில் எழுதி, சிசி க்ரேட்டால் கம்பைல் செய்து சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வரி என்றால் முதல் வழி, ஸ்ட்ரக்டின் உள் ஃபீல்டுகளைத் தொடும் மேக்ரோ என்றால் யோசிக்காமல் ஷிம். நாளைக்கு நூலகம் உள்ளமைப்பை மாற்றினாலும் சி கம்பைலர் புது ஹெட்டரைப் பார்த்துச் சரியாகச் செய்துவிடும். எந்தக் கருவியாலும் முடியாத மேக்ரோவும் உண்டு. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் நூலகத்தின் ட்ரான்சியன்ட் மேக்ரோ -1 என்ற எண்ணை ஃபங்ஷன் பாயிண்டராகக் காஸ்ட் செய்கிறது, "நான் கொடுக்கும் சரத்தை நீயே காப்பி எடுத்துக்கொள்" என்று அர்த்தம். அது தானாக வராது, நாம்தான் எழுத வேண்டும்.

மேலே ஒரு பாதுகாப்பான அடுக்கு

இதுவரை செய்தது அப்படியே சிஸ் என்று முடியும் பெயருள்ள ஒரு க்ரேட்டாக இருக்கட்டும், அதில் உங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்டாதீர்கள். பேப்பரில் எழுதிவைத்த நாலு கேள்வியின் விடைகளை டைப்பாக மாற்றுவது அடுத்த க்ரேட்டின் வேலை.

யார் விடுவிக்கிறார் என்பதற்கு ட்ராப், ஒரு மதிப்பின் ஆயுள் முடியும்போது ரஸ்ட் தானாக ஓட்டும் ஃபங்ஷன். கம்ப்ரஸர் என்ற ரஸ்ட் ஸ்ட்ரக்ட் போகும்போது டிஃப்ளேட்எண்டைக் கூப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தி விடுவித்தால் அது -3 தரும், ட்ராப்புக்குள் அதற்குப் பதறி பேனிக் (ஓட்டத்தை முறிக்கும் ரஸ்ட் எரர்) ஆக வேண்டாம், விட்டுவிடலாம். ஸ்ட்ரீமில் உள்ள எம்எஸ்ஜி பாயிண்டர் ஸெட்லிப்பின் சொந்தச் சொத்து, காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஃப்ரீ செய்யாதீர்கள். க்ளோன் தானாகக் கிடைக்கும்படி டிரைவ் செய்யவே கூடாது. பைட் பைட்டாகக் காப்பி எடுத்தால் ஒரே உள்நிலையை இரண்டு பேர் விடுவிப்பார்கள், அதற்கென்றே டிஃப்ளேட்காப்பி இருக்கிறது.

அடுத்து என்னை இரண்டு நாள் அலைக்கழித்த ஒன்று. நியூ ஃபங்ஷனுக்குள் ஸ்ட்ரீமை உருவாக்கி, இனிட் செய்து, மதிப்பாகத் திருப்பித் தந்தேன். ரிலீஸ் பில்டில் ஓடியது, டீபக் பில்டில் முதல் டிஃப்ளேட்டிலேயே -2. ஸெட்லிப்பின் உள்நிலை, தன்னை வைத்திருக்கும் ஸ்ட்ரீமின் முகவரியைத் திருப்பிக் குறித்து வைத்துக்கொள்கிறது. ரஸ்டில் மதிப்பைத் திருப்பித் தருவது என்றால் மெமரியில் இடம் மாறலாம், ரிலீஸில் ஆப்டிமைசர் அந்த இடமாற்றத்தைத் தவிர்த்திருக்கிறது, டீபக்கில் தவிர்க்கவில்லை. புதிய பதிப்புகள் முகவரி பொருந்துகிறதா என்று பார்த்து -2 தருகின்றன, பழையவை பார்க்காமல் செத்துப்போன முகவரியிலிருந்து படிக்கும். தீர்வு எளிது: முதலில் பாக்ஸில் (மதிப்பை ஹீப் மெமரியில் வைக்கும் ரஸ்ட் டைப்) வைத்துவிட்டு, பாக்ஸுக்குள் இருக்கும் முகவரியைக் கொடுத்து இனிட் செய்யுங்கள், அதன்பின் பாக்ஸ் எங்கே நகர்ந்தாலும் உள்ளே இருப்பது அசையாது. ஹெட்டரின் டைப்களில் இதற்கு ஒரு குறிப்பும் கிடையாது.

இன்புட், அவுட்புட் பஃபர்களின் பாயிண்டர்களும் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு அழைப்புக்கும் ரஸ்ட் ஸ்லைஸ்களை வாங்கி, பாயிண்டர்களை நிரப்பி, டிஃப்ளேட்டைக் கூப்பிட்டு, எவ்வளவு தின்றது எவ்வளவு துப்பியது என்று கணக்கெடுத்துவிட்டு, திரும்புவதற்கு முன் இரண்டையும் நல் ஆக்கிவிடுவது என் வழக்கம். ஸ்லைஸின் நீளம் யுசைஸ், அவைல்_இன் 32 பிட். நாலு ஜிபிக்கு மேல் ஒருவர் கொடுத்தால் வெறும் காஸ்ட் நீளத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், துண்டு துண்டாகக் கொடுங்கள்.

எரர் கோடுகளை ரிசல்ட்டாக (வெற்றி என்றால் ஓகே, தோல்வி என்றால் எர் என்று சொல்லும் ரஸ்ட் டைப்) மாற்றும்போது "ஸீரோவுக்குக் கீழே எல்லாம் எர்" என்று ஒரே வரியில் எழுதக் கை துறுதுறுக்கும். ஸெட்_பஃப்_எரர், அதாவது -5, தவறே இல்லை. முன்னேற இடமில்லை, இன்னும் இன்புட் அல்லது இன்னும் அவுட்புட் இடம் கொடு என்று மட்டும்தான் அது சொல்கிறது, கொடுத்தால் தொடரும். இதை எர் ஆக்கினால் பயன்படுத்துகிறவர் ஸ்ட்ரீமையே தூக்கிப் போட்டுவிடுவார். இதுவும் கமென்டில்தான் இருக்கிறது.

கால்பேக் கொடுக்கிறீர்கள் என்றால், அதற்குள் வரும் பேனிக் சி-யின் ஃப்ரேம்களைத் தாண்டி வெளியே போகக்கூடாது. ரஸ்ட் 1.81-லிருந்து எக்ஸ்டர்ன் சி ஃபங்ஷனிலிருந்து பேனிக் வெளியேறப் பார்த்தால் ப்ராசஸே அபார்ட் ஆகும், அதற்கு முன் அன்டிஃபைன்ட். கேட்ச்_அன்வைண்டால் உள்ளேயே பிடித்து, எரர் கோடாக மாற்றித் தாருங்கள். பைதான்காரர்களுக்கு இங்கே வேறு மாதிரி பள்ளம்: சிடைப்ஸ் கால்பேக் ஆப்ஜெக்டை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் கார்பேஜ் கலெக்டர் அதை அள்ளிக்கொண்டு போய்விடும், சி நூலகம் காலி இடத்தைக் கூப்பிடும்.

சென்ட், அதாவது வேறு த்ரெட்டுக்கு நகர்த்தலாம் என்ற ரஸ்டின் முத்திரை, பற்றி ஒரு வாக்கியம்: ரஸ்ட் சரிபார்க்காத ரா பாயிண்டர் உள்ளே இருப்பதால் உங்கள் டைப் தானாக சென்ட் ஆகாது, ஸெட்லிப் ஸ்ட்ரீமை வேறு த்ரெட்டுக்கு நகர்த்துவது பாதுகாப்பானதுதான், ஆனால் அந்த அன்சேஃப் இம்ப்ளை எழுதுவதற்கு முன் நூலகத்தின் ஆவணத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள், கம்பைலர் வாயை அடைப்பதற்காக எழுதாதீர்கள்.

சோதனை, வெளியீடு

முதல் டெஸ்ட் 3421780262. அது வந்தால் லிங்க் சரி, ரிட்டர்ன் டைப் சரி, ஆர்க்யுமென்ட் வரிசை சரி. இரண்டாவது, அளவு. மூன்றாவது, ஒரு பெரிய டேட்டாவைச் சுருக்கி விரித்து அதே வருகிறதா என்பது, ஆனால் பஃபரை வேண்டுமென்றே ஒரு பைட், ஏழு பைட் என்று சின்னதாக வைத்து ஓட்டுங்கள். 64 கேபி பஃபரில் எல்லா பைண்டிங்கும் நல்லபிள்ளைதான், -5 வரும் பாதையெல்லாம் ஒரு பைட் பஃபரில்தான் தலைகாட்டும். நாலாவது, பாதியில் ட்ராப் செய்வது. ஐந்தாவது, ஸ்ட்ரீமை வெக்டரில் போட்டு, வெக்டர் வளர்ந்து இடம் மாறிய பிறகு தொடர்வது. ரஸ்டில் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் மிரி, வெளி சி ஃபங்ஷன்களுக்குள் போகாது, அதனால் இவற்றை வால்க்ரைண்டிலோ அட்ரஸ் சானிடைசரோடோ ஓட்ட வேண்டும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால், உருவாக்கிய கோப்பை ரெபோவிலேயே சேர்ப்பதா, பில்டின்போது உருவாக்குவதா என்று ஒரு வாதம் எப்போதும் நடக்கும். சொந்த ப்ரோக்ராம் என்றால் பில்டின்போது. ஊருக்குக் கொடுக்கும் க்ரேட் என்றால், டார்கெட்டுக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், உங்கள் க்ரேட்டைப் போடுவதற்காக ஊரெல்லாம் லிப்கிளாங் தேடி அலைய வேண்டியதில்லை. ரஸ்ட் 2024 எடிஷனில் எக்ஸ்டர்ன் ப்ளாக்குக்கு முன் அன்சேஃப் கட்டாயம், பழைய பைண்ட்ஜென் தந்த கோப்பு அங்கே கம்பைல் ஆகாது, மறுபடி உருவாக்க வேண்டும். கார்கோ கோப்பில் லிங்க்ஸ் என்ற வரியையும் போடுங்கள். ஒரே நூலகத்தைச் சொந்தம் கொண்டாடும் இரண்டு க்ரேட் ஒரே பில்டில் வந்தால் கார்கோ அங்கேயே மறுத்துவிடும், லிப்ஸெட்-சிஸ்ஸும் உங்களுடையதும் மோதும்போது அந்தச் செய்தியைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

ஸெட்லிப்பின் புதுப் பதிப்பு வரும்போது பழைய ஹெட்டருக்கும் புதியதற்கும் டிஃப் எடுங்கள். உருவான ரஸ்ட் கோப்பில் ஒரு வரிகூட மாறாமல் இருக்கலாம், அப்படியிருந்தாலும் ஹெட்டரின் டிஃப்பைக் கமென்ட் உட்பட முழுதாகப் படித்துவிட்டு, பேப்பரில் இருக்கும் நாலு விடைகளோடு ஒப்பிட்ட பிறகே வெர்ஷனை ஏற்றுங்கள்.